நன்றி சொல்ல வேண்டாம் என்றவர்



சென்ற காலாண்டில் நம் கம்யூனிட்டி ஹாலில் நடந்த மூத்த குடிமக்கள் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். லிஃப்ட், தண்ணீர் லாரி, வாட்ச்மேன் என்று கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் முதியோர் இல்லம் என்ற வார்த்தையை எடுத்தார். அவ்வளவுதான், ஹால் சட்டென்று அமைதியாகிவிட்டது. ஓர் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பேச்சு இப்போது எதற்கு என்று கேட்டார். உடனே எல்லோரும் மறுபடி தண்ணீர் லாரிக்கே திரும்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டாலே, பெற்ற பிள்ளைகள் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வரும் இடம் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் உலகப் புகழ்பெற்ற ஓர் இசைமேதை, எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, தன் சொந்தப் பணத்தில் முதியோருக்கு ஒரு வீடு கட்டினார். ஆயுள் முழுக்க அவர் போட்ட இசையைவிட அந்த வீட்டைத்தான் தன் படைப்புகளிலேயே சிறந்ததாக அவர் கருதினார். இத்தாலி நாட்டின் ஜூசெப்பே வெர்டிதான் அவர். இந்த இதழில் அவர் கதையைச் சொல்கிறேன். சங்கீத ஞானம் தேவையில்லை. எனக்கும் அது கிடையாது.

பழைய வாத்தியமும் மளிகை வியாபாரியும்

வெர்டி பிறந்தது 1813 அக்டோபரில். வட இத்தாலியில் புஸ்ஸேத்தோ என்ற சிற்றூருக்கு அருகில் லே ரொங்கோலே என்ற குக்கிராமம். அப்பா ஒரு சிறிய சத்திரமும் அதோடு சேர்ந்த மளிகைக் கடையும் நடத்திவந்தார். வசதியான குடும்பம் இல்லை. ஆனாலும் மகனுக்குப் பாட்டில் இருந்த ஆசையைப் பார்த்து, பியானோவுக்கு முந்தைய காலத்து ஸ்பினெட் என்ற சிறிய வாத்தியம் ஒன்றைப் பழையதாக வாங்கிக் கொடுத்தார். அதைப் பழுது பார்க்க வந்தவர், பையன் கற்றுக்கொள்ளக் காட்டும் அக்கறையைப் பார்த்துவிட்டுக் கூலி வாங்க மறுத்தார். அந்த விஷயத்தை வாத்தியத்தின் உள்ளேயே எழுதியும் வைத்துவிட்டுப் போனார். வெர்டி அந்த வாத்தியத்தைக் கடைசிவரை தன்னிடமே வைத்திருந்தார்.

அடுத்து உதவியவர் புஸ்ஸேத்தோவில் மொத்த மளிகை வியாபாரம் செய்த அந்தோனியோ பரேட்ஸி. வியாபாரிதான், ஆனால் சங்கீதப் பைத்தியம். பையனைத் தன் வீட்டிலேயே தங்க வைத்து, மேல்படிப்புக்கு மிலான் நகருக்கும் அனுப்பினார். 1832-ல் மிலான் இசைக் கல்லூரி வெர்டியைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டது. வயது கூடிவிட்டது, வெளி நாட்டுக்காரன், பியானோவில் கை வைக்கும் விதம் சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். இத்தாலி அப்போது ஒரே நாடாக இல்லை, பார்மா பகுதிக்காரர் மிலானுக்கு அந்நியர்தான். அதே கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பரேட்ஸி மனம் தளரவில்லை. மிலானிலேயே தனி ஆசிரியரிடம் வெர்டி படிக்கச் செலவு செய்தார்.

இந்த இரண்டு பேரையும் நான் இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. ஒருவர் கூலியை விட்டுக்கொடுத்தார், இன்னொருவர் வீட்டைத் திறந்துவிட்டார். கையில் ஒன்றுமில்லாதபோது கிடைத்த உதவியை வெர்டி மறக்கவில்லை என்பது பின்னால் தெரியும்.

இருபத்தாறு வயதில் காலியான வீடு

பரேட்ஸியின் மகள் மார்கரீட்டாவையே வெர்டி 1836-ல் மணந்தார். ஒரு பெண் குழந்தை, ஒரு ஆண் குழந்தை. 1838 ஆகஸ்டில் பெண் குழந்தை இறந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் பையன் போனான். 1840 ஜூனில் மனைவியும் மூளைக் காய்ச்சலில் இறந்தார். இரண்டு வருடம் முடிவதற்குள் மூன்று சாவு. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அந்த நேரத்தில் அவர் கையில் இருந்த வேலை ஒரு நகைச்சுவை ஓபரா. ஓபரா என்றால், பெரும்பாலும் பாட்டாகவே நடக்கும் மேடை நாடகம். ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். மனைவி இறந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1840 செப்டம்பரில், மிலானின் லா ஸ்காலா அரங்கில் அது மேடையேறியது. படுதோல்வி. ஜனங்கள் சீட்டியடித்துக் கேலி செய்தார்கள். இனி இசையே வேண்டாம் என்று அவர் ஒதுங்கிவிட்டார்.

லா ஸ்காலாவின் நிர்வாகி அவரை விடவில்லை. நபுக்கோ என்ற ஓபராவின் கதைப் பிரதியை அவர் கையில் கட்டாயமாகத் திணித்து அனுப்பினார். 1842 மார்ச்சில் அது மேடையேறியது. அடிமைப்பட்ட யூதர்கள் தாய்நாட்டை நினைத்துச் சேர்ந்து பாடும் ஒரு பாட்டு அதில் வருகிறது. அந்தப் பாட்டு பின்னாளில் இத்தாலிய மக்களின் சொந்தப் பாட்டாகவே ஆகிவிட்டது. வெர்டி எழுந்து நின்றுவிட்டார்.

அதற்குப் பிந்தைய வெற்றிகளை விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. ரிகொலெத்தோ, இல் த்ரொவதோரே, லா த்ரவியாத்தா, ஐடா என்று வரிசையாக வந்தன. ஐடா 1871-ல் எகிப்தின் கெய்ரோவில் முதலில் அரங்கேறியது. நபுக்கோவில் பாடிய ஜூசெப்பினா ஸ்ட்ரெப்போனி என்ற பாடகி அவருக்கு வாழ்க்கைத் துணையானார். ஊர் பலவிதமாகப் பேசிய நீண்ட காலத்துக்குப் பின் 1859-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

வந்த பணத்தில் வெர்டி நிலம் வாங்கினார். சொந்த ஊருக்கு அருகில் சாந்த் அகாத்தா என்ற இடத்தில் பண்ணை வீடு, சுற்றிலும் வயல், மாடு கன்று. காலையில் எழுந்து வயலைச் சுற்றிப் பார்ப்பது, கூலிக் கணக்கு எழுதுவது, மரம் நடுவது என்று பாதி விவசாயியாகவே வாழ்ந்தார். பண விஷயத்தில் கறார். பதிப்பாளரிடம் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துத்தான் கையெழுத்துப் போடுவார். தன் படைப்பு எங்கே நடந்தாலும் உரிய ராயல்டி வந்து சேர வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டார். கஞ்சன் என்று சிலர் பேசியிருக்கிறார்கள். அந்த ராயல்டி கடைசியில் எங்கே போனது என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான இடம்.

ரிடையர் ஆனவரைக் கெடுத்த சாக்லேட்

1874-ல், அறுபது வயதில், மான்சோனி என்ற பெரிய எழுத்தாளரின் நினைவாக ஓர் இரங்கல் இசையை வெர்டி எழுதி அரங்கேற்றினார். அதோடு போதும் என்று இருந்துவிட்டார். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் புதிய ஓபரா எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. வயலும் தோட்டமும் உண்டு. குளிர்காலத்தில் ஜெனோவா நகரத்துக் கடற்கரைக்கும், கோடையில் மோன்தெகத்தீனி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கும் போவார். தொண்டையும் வயிறும் இளமையிலிருந்தே அவரைப் படுத்திவந்தன. அதனால் வயதான காலத்தில் அந்த ஊற்றுத் தண்ணீர் வைத்தியத்தை வருடம் தவறாமல் செய்துகொண்டார்.

நம்மில் பலருக்கு இந்தக் கட்டம் பழக்கமானதுதான். ஃபேர்வெல் மாலை, ஷீல்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் ஒரு மாதம் சந்தோஷம். பிறகு காலை பத்து மணிக்குக் கை தானாகவே பேனாவைத் தேடும். வெர்டிக்கும் அப்படித்தான் இருந்ததா என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் அவருடைய பதிப்பாளர் ஜூலியோ ரிகோர்டிக்கு ஒன்று புரிந்திருந்தது. வெர்டியிடம் நேரடியாகக் கேட்டால் முடியாது என்றுதான் சொல்வார். 1879-ல் ஒரு விருந்துப் பேச்சில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தை மெதுவாக எடுத்துவிட்டார். அரீகோ பொய்ட்டோ என்ற கவிஞர் அதை ஓபராவுக்கு ஏற்றபடி எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். வெர்டியைவிட இருபத்தெட்டு வயது இளையவர், தானே இசையமைப்பாளரும்கூட. இளம் வயதில் பழைய தலைமுறை இசையைக் கிண்டல் செய்து எழுதி வெர்டியின் கோபத்தைச் சம்பாதித்தவர்.

வெர்டி வாங்கி வைத்துக்கொண்டார், ஆனால் எழுதுகிறேன் என்று வாயைத் திறக்கவில்லை. நண்பர்களுக்குள் அந்த வேலைக்குச் சாக்லேட் திட்டம் என்று ரகசியப் பெயர் வைத்திருந்தார்கள். ஒதெல்லோ கறுப்பினத் தளபதி என்பதால் அந்தப் பெயர். ரிகோர்டி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வெர்டி வீட்டுக்குக் கேக் அனுப்பும்போது மேலே சாக்லேட்டில் ஒரு சின்ன ஒதெல்லோ உருவத்தைச் செய்து வைத்து, வேலை என்ன ஆயிற்று என்று ஞாபகப்படுத்துவார்.

கடைசியில் அந்தச் சாக்லேட் ஜெயித்தது. 1887 பிப்ரவரியில், வெர்டியின் எழுபத்து மூன்றாவது வயதில், லா ஸ்காலாவில் ஒதெல்லோ அரங்கேறியது. பழைய பகையை மறந்து வயதானவரும் இளையவரும் ஒன்றாக உழைத்த உழைப்பு அது. பொய்ட்டோ கடைசிவரை அவருக்கு ஒரு மகனைப் போல இருந்தார்.

எழுபத்தொன்பதில் சிரிப்பு

ஒதெல்லோவோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். 1889-ல் பொய்ட்டோ இன்னொரு கதையோடு வந்தார். ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப், தொப்பையும் வாய்ச்சவடாலுமாகத் திரியும் வயதான ஒரு பிரபுவைப் பற்றிய நகைச்சுவை. வெர்டிக்கு ஆசை வந்துவிட்டது, கூடவே பயமும் வந்தது. தன் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டால் பொய்ட்டோவின் நேரத்தையும் அல்லவா வீணடித்ததாகும் என்று அவருக்கே எழுதிக் கேட்டார். பொய்ட்டோ தைரியம் சொன்னார்.

நாள் முழுக்க உட்கார்ந்து எழுத உடம்பு இடம் கொடுக்காது என்று வெர்டிக்குத் தெரியும். தினமும் கொஞ்ச நேரம், அதற்கு மேல் இல்லை என்று ஒழுங்கு வைத்துக்கொண்டார். நடுவில் சோதனை வந்தது. 1890 நவம்பரில் நெடுநாளைய நண்பர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒதெல்லோவை நடத்திக் கொடுத்த இசை இயக்குநர் ஃபாச்சியோ மனநிலை பாதிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு காலமானார். வேலை நின்றது. பிறகு மறுபடி மெதுவாக நகர்ந்தது.

1893 பிப்ரவரி 9-ம் தேதி ஃபால்ஸ்டாஃப் அரங்கேறியபோது அவருக்கு எழுபத்தொன்பது வயது. ஒத்திகைகளுக்குத் தானே போய் உட்கார்ந்து திருத்தினார். மாபெரும் வெற்றி. மனைவியையும் குழந்தைகளையும் பறிகொடுத்த இருபத்தாறு வயதில் ஒரு நகைச்சுவை எழுதி, அதே லா ஸ்காலாவில் கேலிக்கு ஆளானார் அல்லவா? ஐம்பத்திரண்டு வருடம் கழித்து, அதே மேடையில், தன் இரண்டாவது நகைச்சுவையைக் கொண்டுவந்து எல்லோரையும் சிரிக்க வைத்தார். பழைய பாக்கி ஒன்றை வட்டியோடு தீர்த்த மாதிரி இருக்கிறது எனக்கு.

ஆஸ்பத்திரியும் கலப்படப் பாலும்

இதே வருடங்களில் அவர் செய்த இன்னொரு வேலை அதிகம் பேசப்படுவதில்லை. அவர் பண்ணைக்கு அருகில் வில்லனோவா என்ற ஊரில் ஆஸ்பத்திரி கிடையாது. நோயாளிகளைத் தொலைவிலுள்ள நகரத்துக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வெர்டி தன் செலவில் அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரி கட்டினார். 1888 நவம்பரில் அது திறக்கப்பட்டது. தன் பெயரைப் போடக் கூடாது, வாசலில் ஆஸ்பத்திரி என்று மட்டும் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

திறந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். அங்கே நோயாளிகளுக்குச் சாப்பாடு குறைவாகக் கொடுக்கிறார்கள், பால் சுத்தமாக இல்லை, எண்ணெய் மட்டரகம் என்று ஊரில் பேச்சு அடிபட்டது. வெர்டி சும்மா இருக்கவில்லை. நிர்வாகத் தலைவருக்கு ஒவ்வொரு குறையாகப் பட்டியல் போட்டுக் கண்டிப்பாகக் கடிதம் எழுதினார். பணம் கொடுத்தவர் என்ற உரிமையில், கொடுத்த பணம் நோயாளியின் தட்டு வரைக்கும் போய்ச் சேருகிறதா என்று பார்த்தார். வங்கியில் ஆடிட் சமயத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். நன்கொடை கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

சேமிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு வீடு

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து இசைக் கலைஞர்களுக்குப் பென்ஷன் கிடையாது, பி.எஃப். கிடையாது. குரல் இருக்கும்வரை பாடகருக்கு மாலை மரியாதை. குரல் போனால் அன்றைக்கே வருமானமும் போச்சு. ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்தவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தால் அடுத்த வேளைக்கு வழியில்லை. அரை நூற்றாண்டு அவர்களோடேயே உழைத்த வெர்டிக்கு இது நன்றாகத் தெரியும். 1889-ல் மிலான் நகரத்தின் எல்லையில் ஒரு மனை வாங்கினார். பொய்ட்டோவின் அண்ணன் கமில்லோ பொய்ட்டோ கட்டடக் கலைஞர். அவரிடம் வரைபடம் போடச் சொன்னார். 1899-ல் கட்டடம் முடிந்தது. நூறு பேருக்கு இடம், 60 ஆண்கள், 40 பெண்கள்.

யாருக்கு இந்த வீடு என்பதில் அவர் மனம் தெளிவாக இருந்தது. அதிர்ஷ்டம் கைகொடுக்காத கலைஞர்களுக்கும், இளமையில் சேமிக்கும் பழக்கம் இல்லாமல் போனவர்களுக்கும் என்று அவர் நினைத்தார். இரண்டாவது பகுதியைக் கவனியுங்கள். கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில், சம்பளம் வந்த மறுநாளே முழுவதையும் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஆர்.டி. போடச் சொல்லி நானும் உபதேசம் செய்திருக்கிறேன். கேட்காதவர்கள் வயதான காலத்தில் கஷ்டப்படும்போது, அப்போதே சொன்னேனே என்று மனதுக்குள் நினைத்தும் இருக்கிறேன். காசு விஷயத்தில் என்னைவிட ஆயிரம் மடங்கு கறாரான வெர்டி அப்படி நினைக்கவில்லை. சேமிக்காதவருக்கும் வயதாகும், பசிக்கும், குளிரும் என்று நினைத்தார்.

வீட்டுக்கு என்ன பெயர் என்பதிலும் பிடிவாதம். அநாதைகளை ஒதுக்கி வைக்கும் புகலிடம் என்ற பொருள் வரும் வார்த்தை வேண்டாம் என்றார். இசைக் கலைஞர்களின் ஓய்வு இல்லம் என்று பெயர் வைத்தார். அங்கே வந்து தங்குகிறவர்கள் தன் விருந்தாளிகள் என்றே சொன்னார்.

இன்னொன்று எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. அந்தக் காலத்து அநாதை விடுதிகளில் நீண்ட ஹாலில் வரிசையாகக் கட்டில் போட்டிருப்பார்கள். வெர்டி அதை வேண்டாம் என்றார். ஓர் அறைக்கு இரண்டு பேர். வயதானவருக்கு இரவில் திடீரென்று முடியாமல் போனால், பக்கத்தில் இருப்பவர் எழுந்து உதவ வேண்டும் அல்லவா? அதற்குத்தான் அந்த ஏற்பாடு.

பண ஏற்பாட்டையும் அவர் அரைகுறையாக விடவில்லை. அரசாங்கக் கடன் பத்திரங்களை அந்த இல்லத்தின் பெயருக்கு எழுதி வைத்தார். பதிப்பாளரிடமிருந்து வர வேண்டிய தொகையையும் அதற்கே கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் மொத்தப் படைப்புகளின் ராயல்டி, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எங்கிருந்து வந்தாலும் அது இந்த வீட்டுக்கே என்று உயிலில் எழுதினார். வாழ்நாள் முழுக்க ராயல்டிக்காக வரி வரியாகச் சண்டை போட்டவரின் கணக்கு கடைசியில் இங்கேதான் நேரானது. பதிப்புரிமைக் காலம் முடியும்வரை பல பத்தாண்டுகள், உலகத்தில் எங்கே ஐடா நடந்தாலும், மிலானில் ஏதோ ஒரு வயதான கிளாரினெட்காரருக்கு அதிலிருந்து சூப் கிடைத்தது.

கட்டடம் தயாரான பிறகும் அவர் அதைத் திறக்கவில்லை. தான் இறந்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கும்போது திறந்தால் வந்து தங்குகிறவர்கள் தினம் தினம் நன்றி சொல்வார்கள். அந்தச் சங்கடம் தனக்கும் வேண்டாம், அவர்களுக்கும் வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

தெருவில் வைக்கோல்

1897 நவம்பரில் ஜூசெப்பினா நிமோனியாவில் காலமானார். அவருக்கு வயது எண்பத்திரண்டு. அரை நூற்றாண்டுத் துணை. அதன் பிறகு வெர்டிக்கு சாந்த் அகாத்தா வீடு பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் மிலான் வந்து தனக்குப் பழக்கமான ஹோட்டலில் தங்குவார். வளர்ப்பு மகள், பொய்ட்டோ, ரிகோர்டி குடும்பம் என்று சிலர் மாறி மாறி அவரோடு இருந்தார்கள். கால் தளர்ந்தது, பார்வை மங்கியது. அப்போதும் உயிலைத் தானே திருத்தி எழுதினார்.

1901 ஜனவரி 21-ம் தேதி காலை, அந்த ஹோட்டல் அறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்தார். குதிரை வண்டிச் சத்தம் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஹோட்டலுக்கு வெளியே தெருவில் வைக்கோலைப் பரப்பினார்கள். 27-ம் தேதி அதிகாலையில் உயிர் பிரிந்தது. வயது எண்பத்தேழு. ஆடம்பரம் வேண்டாம், பாட்டு வேண்டாம் என்று அவர் எழுதி வைத்திருந்தபடி எளிமையாக அடக்கம் செய்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, அவரையும் மனைவியையும் அவர் கட்டிய அந்த வீட்டின் கீழ் அறைக்கே எடுத்துச் சென்றார்கள். அன்று அவர் வேண்டாம் என்ற பாட்டை ஜனங்கள் விடவில்லை. தொஸ்கனீனி நடத்த, எண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் நபுக்கோவின் அந்தப் பழைய பாட்டைப் பாடினார்கள். தெருக்களில் பெருங்கூட்டம்.

1902 அக்டோபர் 10, அவர் பிறந்த நாளில், முதல் விருந்தாளிகள் உள்ளே வந்தார்கள். அந்த வீடு இன்றும் மிலானில் இயங்குகிறது. இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வயதான கலைஞர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். 1990களின் இறுதியிலிருந்து இசை படிக்கும் இளம் மாணவர்கள் சிலருக்கும் அங்கேயே அறை கொடுக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் எண்பதும் இருபதும் ஒன்றாக உட்காருகின்றன. நன்றி சொல்ல வேண்டாம் என்றவர் மட்டும் கீழே, மனைவியின் பக்கத்தில், சத்தமில்லாமல் படுத்திருக்கிறார்.

நம் வளாகத்துக்கு

கதையை இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற அந்த ஏற்பாடு என்னை விடவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வருடம் மனைவி மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தாள். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தவனுக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன் படுக்கையறையில் இருந்தது. இருந்திருந்தாலும் யாரைக் கூப்பிடுவது? மகளைக் கூப்பிட்டால் பச்சை உடம்புக்காரி பதறிப்போவாள். பக்கத்து ஃபிளாட்காரர் நல்ல மனிதர், லிஃப்டில் தினம் சிரிப்பார், ஆனால் அவர் நம்பர் என்னிடம் இல்லை. ஐந்து மணிக்குப் பால்காரர் பெல் அடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான், பெரிய வியாதி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரம் நீளமானது. வெட்கத்தில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நம் வளாகத்தில் பல வீடுகளில் வயதான தம்பதிகள் மட்டும் இருக்கிறோம். சில வீடுகளில் ஒருவர் மட்டும். கட்டில்கள் தனித்தனிச் சுவருக்குள் இருக்கின்றன. சுவரை இடிக்க முடியாது. ஆனால் இரண்டிரண்டு வீடுகளாகச் சேர்ந்து இரவுத் துணை என்று ஒரு ஜோடி வைத்துக்கொள்ள முடியும். ஒருவர் நம்பர் மற்றவரிடம், ஒரு மாற்றுச் சாவி மற்றவரிடம். என்ன மாத்திரை, எந்த டாக்டர், பிள்ளைகளின் நம்பர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவது. காலை எட்டு மணிக்குள் ஒருவருக்கொருவர் ஒரு மிஸ்டு கால். வரவில்லை என்றால் போய்க் கதவைத் தட்டுவது. இதற்கு மெயின்டனன்ஸ் கட்டணத்தைக் கூட்ட வேண்டியதில்லை. பொதுக்குழுத் தீர்மானமும் வேண்டாம்.

விருப்பமுள்ளவர்கள் அசோசியேஷன் அலுவலகத்தில் வைத்திருக்கும் நோட்டில் ஃபிளாட் எண்ணை எழுதுங்கள். வயதில் இளையவர்களும் எழுதலாம், ஜோடிக்கு ஒருவர் சின்ன வயதுக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. வெர்டிக்கு ஒரு பொய்ட்டோ கிடைத்தது போல நமக்கும் கிடைக்கட்டும். முதல் எண்ணாக என்னுடையதை எழுதிவிட்டேன். எதிரில் உள்ள கட்டம் காலியாக இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் முதியோர் இல்லம் என்ற பேச்சு வந்தால் காபி டம்ளரைக் கீழே வைக்காமல் பேசுவோம்.